சிவந்த விழுதும் இறுகிய மடியும்

கல்யாண வீட்டில் ஆரத்தி கரைக்கிற பெண்களுக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததுமே தட்டு செக்கச் செவேல் என்றாகிவிடும். அதே சிவப்பைத் தமிழ்நாட்டுத் தொழுவங்களில் மடிநோய் கண்ட கறவை மாட்டின் மடியிலும் பார்க்கலாம். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். மூன்றையும் சேர்த்து அரைத்தால் சிவந்த விழுது கிடைக்கும். அதில் ஒரு கைப்பிடியை 150 முதல் 200 மில்லி தண்ணீரில் கரைத்து, கறந்து கழுவிய மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்குப் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும். எலுமிச்சம்பழத்தை நறுக்கி மூன்று நாள் தின்னக் கொடுக்க வேண்டும். பாலில் இரத்தம் கலந்து வந்தால் கறிவேப்பிலையையும் வெல்லத்தையும் இடித்து ஊட்ட வேண்டும்.

இந்தக் கைமருந்தை முறைப்படுத்திப் பரப்பியவர்களில் முதன்மையானவர், தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் புண்ணியமூர்த்தி. பிறகு குஜராத்தின் ஆனந்த் நகரிலுள்ள தேசிய பால்வள வாரியம் இதைக் கையிலெடுத்தது. பல மொழிகளில் துண்டறிக்கைகளும் காணொளிகளும் வந்தன. கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக நாடெங்கும் விழுது சென்று சேர்ந்தது. களத்திலிருந்து வந்த பதிவுகளில் குணமான மாடுகளின் விகிதமும் உயர்வாகவே இருந்தது.

ஆனால் "குணம்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. மடி மெத்தென்று ஆவது ஒரு குணம். பாலில் திரிதிரியாக வந்தது நிற்பது இன்னொன்று. மடிக்குள் புகுந்த கிருமி ஒழிவது மூன்றாவது. இவை மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மடிநோய்க்கான தாவரப் பொருள்களைப் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளைப் படிக்கும்போது அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். வீக்கத்தை வடிக்கும் பொருளைக் கிருமியைக் கொல்லும் பொருளாக எண்ணிப் பாராட்டுகிறார்கள். அல்லது கிருமியைக் கொல்லவில்லை என்பதற்காக முழுவதுமாகத் தள்ளிவிடுகிறார்கள்.

மடியில் நடப்பதை முதலில் பார்த்துவிடலாம். மாட்டுக்கு நான்கு காம்பு, அவற்றுக்கு மேலே ஒன்றோடொன்று பால் கலக்காத நான்கு அறைகள். காம்பின் நுனித் துளையைக் கெரட்டின் என்ற மெழுகு போன்ற பொருள் அடைத்துக் காக்கிறது. கறந்து முடித்த பின் அந்தத் துளை மூட அரைமணி நேரமாவது ஆகும். அந்த நேரத்தில் மாடு சாணத்திலோ சேற்றிலோ படுத்தால் கிருமிக்கு வாசல் திறந்தே இருக்கிறது. கறந்தவுடன் தீவனத்தைப் போட்டு மாட்டை நிற்க வைக்கும் வழக்கத்தின் பலன் இதில் தெரிகிறது. ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே போன்றவை பெரும்பாலும் கறப்பவர் கையாலோ கறவை எந்திரத்தாலோ ஒரு மாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும். ஈ.கோலை, க்ளெப்சியெல்லா போன்றவை சாணத்திலிருந்தும் படுக்கையிலிருந்தும் வரும்.

கிருமி உள்ளே வந்ததும் மடியின் உட்சுவர் செல்கள் அபாயச் சங்கு ஊதுகின்றன. ஈ.கோலை வகையின் மேலுறையில் இருக்கும் எல்.பி.எஸ். என்ற மூலக்கூறு டி.எல்.ஆர்-4 என்ற உணரியைத் தொடுகிறது. அது என்.எஃப். கப்பா-பி என்ற உள்சமிக்ஞையை முடுக்கிவிடுகிறது. அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் பெருகி, இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் பாலுக்குள் படையெடுக்கின்றன. இரத்தத்துக்கும் பாலுக்கும் நடுவிலுள்ள தடுப்பு தளர்ந்து சோடியமும் குளோரைடும் கசிகின்றன. மடிநோய் கண்ட மாட்டின் பால் உப்புக் கரிப்பது அதனால்தான். ஆகவே வீக்கம் என்பது நோய் மட்டும் இல்லை, உடலின் பாதுகாப்பும் அதுதான். அளவோடு இருந்தால் அது கிருமியை விரட்டும். அளவு மீறினால் பால் சுரக்கும் திசுவையே அழித்துவிடும். அழிந்த திசு அந்தக் கறவைக் காலத்துக்குள் மீள்வது கடினம், சில நேரம் அந்தக் காம்பே செத்துப்போகும்.

கண்ணுக்குத் தெரியும் நோயைவிடத் தெரியாத நோயே அதிகம். மடி வீங்காமல், பால் திரியாமல், கறவை மட்டும் மெல்லக் குறையும். இந்தியாவில் மடிநோயால் ஆண்டுக்கு 7,165 கோடி ரூபாய் இழப்பு என்று 2009-இல் வெளியான ஒரு மதிப்பீடு பலராலும் எடுத்தாளப்படுகிறது. அதில் பாதிக்கு மேல் இந்த மறைமுக வகையின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

ஆய்வகத்துக்குள் நுழைந்தால் தாவரங்களின் பக்கம் ஒரு பெருங்கூட்டமே சாட்சிக்கு நிற்கிறது. மஞ்சளின் குர்குமின், ஓமத்தின் தைமால், கிராம்பின் யூஜினால், மிளகின் பைப்பரின், அதிமதுரத்தின் கிளிசிரைசின் என்று நம் அஞ்சறைப் பெட்டியையும் நாட்டு மருந்துக் கடையையும் கவிழ்த்துக் கொட்டியது போன்ற பட்டியல் அது. சீன மருத்துவத்தின் ஸ்குடெல்லேரியா வேரிலிருந்து கிடைக்கும் பைகாலினும் அதில் உண்டு. சீனாவின் சாங்சுன் நகரிலுள்ள ஜிலின் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலிருந்து இத்தகைய கட்டுரைகள் வரிசையாக வந்திருக்கின்றன. அச்சு பெரும்பாலும் ஒன்றுதான். பாலூட்டும் பெண் எலியின் முலைச் சுரப்பியில் எல்.பி.எஸ். ஏற்றுவார்கள். அதற்குச் சற்று முன்போ பின்போ தாவரப் பொருளைச் செலுத்துவார்கள். 24 மணி நேரம் கழித்துத் திசுவை எடுத்துப் பார்ப்பார்கள். சைட்டோகைன் குறைந்திருக்கும், வெள்ளணுக் கூட்டம் குறைந்திருக்கும், என்.எஃப். கப்பா-பி அடங்கியிருக்கும். எலியை விட்டால் மாக்-டி என்ற செல் வரிசை இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் 1991-இல் உருவான அது, பசு மடியின் உட்சுவர் செல்களை அழியாமல் பெருகும்படி மாற்றி எடுத்தது.

இந்த ஆய்வுகள் பொய்யில்லை. அவை எந்தக் கேள்விக்கு விடை சொல்கின்றன என்பதில்தான் சிக்கல். எல்.பி.எஸ். உயிருள்ள கிருமியன்று, கிருமியின் சட்டை மட்டுமே. அது பெருகாது, ஒளிந்துகொள்ளாது, ஸ்டெஃபைலோகாக்கஸைப் போலத் திசுவுக்குள் சீழ்க்கட்டி கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் குடியிருக்காது. மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டுப் பிறகு எல்.பி.எஸ். ஏற்றினால் அது தடுப்புக்குச் சான்றாகலாம், சிகிச்சைக்கு ஆகாது. எந்த விவசாயியும் மடி வீங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மருந்தோடு காத்திருப்பதில்லை.

அளவுக் கணக்கைப் போட்டால் இன்னும் விழிக்க வேண்டியிருக்கும். எலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 400 கிலோ பசுவுக்கு அதே விகிதத்தில் 20 கிராம் தூய குர்குமின் வேண்டும். மஞ்சளில் குர்குமின் ஏறத்தாழ நூற்றுக்கு மூன்று பங்கு. அப்படியானால் ஒரு வேளைக்கு முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான மஞ்சள்தூள்! பெரிய விலங்குக்கு நேர்விகிதம் செல்லாது, தேவை பல மடங்கு குறையும் என்பது உண்மைதான். ஆனால் பசுவுக்கு எலிக்கு இல்லாத ஒன்று இருக்கிறது, முதல் இரைப்பை. அங்கே கோடானுகோடி நுண்ணுயிர்கள் வருவதையெல்லாம் உடைத்து மாற்றுகின்றன. வாய்வழி போன மூலக்கூறு அதே முகத்தோடு மடிக்குப் போய்ச் சேரும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

குர்குமினுக்கு வேறொரு வம்பும் உண்டு. 2017-இல் மருந்து வேதியியல் இதழொன்றில் வந்த நீண்ட மதிப்பாய்வு அதைக் கடுமையாக விமரிசித்தது. எந்தச் சோதனைக் குழாயில் போட்டாலும் ஏதாவதொரு விளைவைக் காட்டும், ஆனால் உடலுக்குள் நிலைக்காது, உறிஞ்சப்படாது என்பது அதன் சாரம். இனி ஆரத்தித் தட்டுக்குத் திரும்பலாம். சுண்ணாம்பு பட்டதும் மஞ்சள் சிவப்பது, காரத்தில் குர்குமின் தன் ஹைட்ரஜனை இழந்து உருமாறுவதன் அடையாளம். அந்த உருவில் அது தண்ணீரில் நன்றாகக் கரையும், ஆனால் வேகமாகச் சிதையவும் செய்யும். 37 டிகிரி வெப்பத்தில், காரமென்றே சொல்ல முடியாத 7.2 என்ற பி.எச். அளவிலேயே, அரைமணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைகிறது என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிதைவில் கிடைப்பவற்றுள் ஃபெருலிக் அமிலமும் வனிலினும் உண்டு. ஐஸ்கிரீமில் மணக்கும் அதே வனிலின்தான்.

அப்படியானால் அந்தச் சிவந்த விழுதில் வேலை செய்வது குர்குமின்தானா? விழுதைக் கொண்டாடும் பலரும் குர்குமின் ஆய்வுகளை மேற்கோள் காட்டுகிறார்கள். அது பாதி வழியில் நின்றுவிடும் வாதம். சுண்ணாம்பின் காரம் தோலின் மேலுள்ள கிருமிகளை ஒடுக்கும். மேலை நாட்டுப் பண்ணைகளில் மாட்டின் படுக்கைமீது நீற்றிய சுண்ணாம்பைத் தூவுவதும் இதற்காகவே. கற்றாழைச் சோறு ஈரத்தைப் பிடித்து வைத்துக் குளிர்ச்சி தரும், அதிலுள்ள அசிமன்னான் என்ற சர்க்கரைத் தொடருக்குப் புண் ஆற்றும் தன்மை பற்றிய ஆய்வுகள் உண்டு. இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒன்று செய்முறைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. கறந்து, கழுவி, பூச வேண்டும். ஒரு நாளில் பத்து முறை ஒருவர் மாட்டருகே உட்கார்ந்து மடியைத் தொடுகிறார், கழுவுகிறார், கெட்ட பாலைப் பீச்சி வெளியேற்றுகிறார். வேறு எந்த மருந்தும் ஒரு மாட்டுக்கு இவ்வளவு பணிவிடையை வாங்கித் தருவதில்லை.

கிருமி கொல்லும் திறனிலும் தாவரங்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2009-இல் ஓர் ஆய்வு நடந்தது. இலவங்கப்பட்டையின் சின்னமால்டிஹைடு, யூஜினால், கார்வக்ரால், தைமால் நான்கையும் மடிநோய்க் கிருமிகள்மீது ஏவிப் பார்த்தார்கள். மிகக் குறைந்த அளவிலேயே வேலை செய்தது சின்னமால்டிஹைடு. அவர்கள் கிருமிகளைப் பாலிலேயே சோதித்தது பாராட்டத்தக்கது. வெறும் ஊட்டக் கரைசலில் வீரம் காட்டும் வாசனை எண்ணெய்கள் பலவும் பாலில் விழுந்ததும் சுருண்டுவிடும். கொழுப்பும் புரதமும் அவற்றைப் பிடித்துக்கொள்வதால் பல மடங்கு அதிகம் தேவைப்படும். எருமைப் பாலை எண்ணிப் பார்த்தால் இந்தச் சிக்கலின் கனம் புரியும்.

எண்ணெயை மடிக்குள் செலுத்திப் பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்க இயற்கைப் பண்ணைச் சட்டப்படி, ஒருமுறை ஆன்டிபயாடிக் கொடுத்த பசுவின் பாலை 'ஆர்கானிக்' முத்திரையோடு என்றைக்குமே விற்க முடியாது. அங்கே தைமும் அதிமதுரமும் விண்டர்கிரீன் எண்ணெயும் கலந்த குழாய் மருந்து ஒன்று புழக்கத்துக்கு வந்தது. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் அதைப் பால் வற்றும் பருவத்தில் கொடுத்துப் பார்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆன்டிபயாடிக் பெற்ற மாடுகளையும், எதுவுமே பெறாத மாடுகளையும் பக்கத்தில் நிறுத்தி ஒப்பிட்டார்கள். அடுத்த கறவையில் பாலின் அளவிலும், அதிலுள்ள வெள்ளணு முதலான செல்களின் எண்ணிக்கையிலும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மூலிகை ஆன்டிபயாடிக்குக்கு நிகரானது என்று இதைச் சொல்லலாம். எதுவுமே செய்யாததற்கு நிகரானது என்றும் சொல்லலாம். சிறிய மந்தையில் செய்த ஆய்வில் இந்த இரண்டு வாசிப்புக்கும் இடமிருக்கும்.

எதுவும் கொடுக்காத குழுவை வைக்கச் சொல்வது வறட்டுப் பிடிவாதம் இல்லை. ஈ.கோலையால் வரும் லேசான மடிநோய் பெரும்பாலும் தானாகவே சரியாகும். பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக அறிஞர்கள் 2013-இல் எழுதிய மதிப்பாய்வில், லேசான, நடுத்தர ஈ.கோலை மடிநோய்க்கு ஆன்டிபயாடிக்கே பரிந்துரைக்கவில்லை. அடிக்கடி கறப்பதும், தேவையான இடத்தில் அழற்சி குறைக்கும் மருந்தும் போதும் என்றார்கள். அப்படிப்பட்ட மாட்டுக்கு விழுது பூசினாலும் ஆறும், பூசாவிட்டாலும் ஆறும். ஆறியதற்கான புகழ் கடைசியாகக் கையில் இருந்ததற்குப் போய்விடும். ஆன்டிபயாடிக்குக்கும் இதே ஓசிப் புகழ் பல காலம் கிடைத்திருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

2017-இல் கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகக் குழு ஆன்டிபயாடிக் அல்லாத மடிநோய்ச் சிகிச்சைகள் அனைத்தையும் சலித்தது. தகுதி பெற்றுத் தேறியவை 41 ஆய்வுகள். அவற்றில் தாவர மருந்துகளைப் பற்றியவை 4 மட்டுமே. ஸ்டீராய்டு அல்லாத அழற்சி குறைப்பு மருந்துகள்தாம் ஓரளவு தெளிவான நன்மையைக் காட்டின. மற்றவற்றைச் சான்றோடு பரிந்துரைக்க முடியவில்லை. எலிகளில் அத்தனை கட்டுரைகள், பசுக்களில் நான்கு! ஆனால் இந்த முடிவில் தாவர அன்பர்கள் கவனிக்கத் தவறும் நல்ல செய்தியும் இருக்கிறது. கிருமியைத் தொடாமல் அழற்சியை மட்டும் குறைக்கும் மெலாக்சிகாம் போன்ற மருந்துகளே பசுவுக்கு உதவுகின்றன. அப்படியானால் வீக்கத்தைக் குறைப்பதே ஒரு முழுமையான வேலைதான். தாவரப் பொருள்கள் போட்டியிட வேண்டியது மெலாக்சிகாமோடு. பென்சிலினோடு மல்லுக்கு நிற்க வேண்டிய அவசியமில்லை.

அந்தப் போட்டிக்கு இந்தியாவில் கூடுதல் காரணமும் உண்டு. அதே அழற்சி குறைப்பு வகையைச் சேர்ந்த, மாட்டுக்கு வலி போக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்து அவற்றைக் கூட்டம் கூட்டமாக மாய்த்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. நீலகிரி அடிவாரத்தில் மாயாறு, சீகூர் பகுதியில் எஞ்சியிருக்கும் இந்தப் பாறுக் கழுகுகளுக்கு, எந்தத் தொழுவத்தில் எந்த ஊசி போடப்படுகிறது என்பது உயிர்ப் பிரச்சினை.

ஆன்டிபயாடிக் பக்கமும் நெருக்கடி உண்டு. இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2018-இல் நாடெங்கும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் 77-இல் ஆன்டிபயாடிக் எச்சம் வரம்பைத் தாண்டியிருந்தது. விகிதம் சிறியதுதான். ஆனால் மருந்து போட்ட மாட்டின் பாலை இத்தனை நாள் ஊற்றக் கூடாது என்றால் இரண்டு மாடு வைத்திருப்பவர் அந்த வாரத்தை எப்படி ஓட்டுவார்? சொசைட்டியில் ஊற்றிவிடத் தோன்றுவது மனித இயல்பு. ஐரோப்பாவில் அழுத்தம் சட்டமாகவே வந்தது. நெதர்லாந்து 2009 அளவோடு ஒப்பிட்டுக் கால்நடை ஆன்டிபயாடிக் விற்பனையை 2012-க்குள் ஏறத்தாழப் பாதியாக்கியது. நோயில்லாத மந்தைக்கு வழக்கமாகத் தடுப்பு ஆன்டிபயாடிக் கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் தடை செய்தது. நெதர்லாந்துப் பண்ணையாளர்களும் கால்நடை மருத்துவர்களும் புண்ணியமூர்த்தி குழுவினரின் முறைகளைப் பார்க்க இந்தியாவுக்கு வந்துபோனதன் பின்னணி இது.

தாவரம் என்றால் எச்சமே இல்லை என்று எண்ணுவதும் தவறு. தைமால் பாலில் இறங்கும், மணக்கும். பூண்டு தின்ற மாட்டின் பாலை மூக்கே காட்டிக் கொடுக்கும். மஞ்சள் பூசிய காம்பைக் கழுவாமல் கறந்தால் பால் நிறம் மாறும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். காம்பு அடைப்புக்கு வேப்பிலைக் காம்பில் மஞ்சளும் வெண்ணெயும் தடவிப் பால் துளைக்குள் செருகும் முறை ஒன்று அதே கைமருந்துத் தொகுப்பில் இருக்கிறது. மடிக்கு வெளியே பூசுவதில் இழப்பதற்கு அதிகமில்லை. துளைக்குள் எதைச் செருகினாலும், அது மருத்துவமனைக் குழாயே ஆனாலும், கெரட்டின் காவலை உடைத்துக்கொண்டுதான் போகிறது. தொழுவத்துக் கையால் அதைச் செய்வது எந்த மூலிகையின் பெயராலும் ஆதரிக்கத்தக்கதன்று. மாடு தீவனம் தொடாமல், காய்ச்சலோடு, காது சில்லிட்டுப் படுத்துவிட்டால் விழுது அரைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. அது டாக்டரைக் கூப்பிட வேண்டிய நிலை.

விழுதுக்கு முறையான சோதனை வைப்பது பெரிய செலவில்லை. மாடுகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு விழுது, இன்னொன்றுக்கு அதே பத்து முறை கழுவலும் கறவையும் மட்டும், மூன்றாவதற்கு மெலாக்சிகாம். தொடங்கும்போதும், 14, 21 ஆகிய நாள்களிலும் ஒவ்வொரு காம்பின் பாலிலும் கிருமி வளர்த்துப் பார்க்க வேண்டும், செல்களை எண்ண வேண்டும். இரண்டாவது குழுதான் முக்கியம். விழுதின் வேலை எவ்வளவு, கையின் வேலை எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது அதுதான்.

பல்கலைக்கழகம் அதைச் செய்கிறவரை தொழுவத்திலேயே பார்க்க ஒரு வழி உண்டு. 1957-இல் அமெரிக்காவில் உருவான கலிஃபோர்னியா மடிநோய்ச் சோதனையின் அடிப்படை, சோப்புத்தன்மையுள்ள திரவம் பாலிலுள்ள வெள்ளணுக்களை உடைத்து அவற்றின் டி.என்.ஏ.வைக் கூழாக்குவது. பாகிஸ்தானின் ஃபைசலாபாத் வேளாண் பல்கலைக்கழகத்தினர் அதே வேலைக்குத் துணி துவைக்கும் சர்ஃப் தூளைக் கொண்டுவந்தார்கள். நூறு மில்லி தண்ணீருக்கு மூன்று கிராம் தூள், கரைசலும் பாலும் சம அளவு, நான்கு காம்புக்கு நான்கு கிண்ணம். சுழற்றும்போது தண்ணீராகவே ஓடினால் அந்தக் காம்பு நலம். முட்டை வெள்ளை போலத் திரண்டு அடியில் ஒட்டினால் உள்ளே அழற்சி இருக்கிறது. விழுது பூசத் தொடங்கும் காலையில் ஒருமுறையும், மடி மெத்தென்று ஆகி எல்லாரும் மறந்துபோன பதினைந்தாம் நாள் இன்னொருமுறையும் அந்த நான்கு கிண்ணங்களைச் சுழற்றிப் பார்க்கலாம்.